பெயர்ப் பட்டியல் கணினிக்குள் போகும் வழி



2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பொது அமைப்பினர் எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுக்க முன்வந்தார்கள். பிள்ளையின் பெயர், அடையாள எண், முகவரி, வகுப்பு ஆகிய நான்கையும் கணினியில் தட்டி அனுப்பச் சொன்னார்கள். நாங்களும் இரண்டு மாலை உட்கார்ந்து தட்டி அனுப்பினோம். சில வாரங்களில் பைகள் வந்து இறங்கின. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருவர் விடாமல் பை வந்திருந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்குக்கூட வரவில்லை. அன்று மாலையே, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர் வேலை உடுப்போடு பள்ளிக்கு வந்துவிட்டார். "சின்னவனுக்கு வந்திருக்கு, பெரியவளுக்கு வரலையே டீச்சர், அவ என்ன தப்புப் பண்ணினா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் ஒரு தப்பும் பண்ணவில்லை. 2009ஆம் ஆண்டில் பிறந்திருந்தாள், அவ்வளவுதான். 2010க்குப் பின் பிறந்த தம்பிக்குக் கிடைத்த பை, 2009இல் பிறந்த அக்காவுக்குக் கிடைக்காமல் போனது ஏன்? அதைத் தேடிப் போனபோதுதான் மொத்தப் பட்டியல்கள் கணினிக்குள் ஏறும் வழியை நாங்கள் கற்றுக்கொண்டோம். அதையே இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

இது புத்தகப்பையோடு நிற்கிற சங்கதி அன்று. அப்பாவின் சேமநிதிச் சந்தா, சொக்சோ சந்தா, அண்ணனின் கல்லூரி விண்ணப்பம், பாட்டியின் உதவித்தொகை எல்லாமே இன்று ஏதோ ஓர் இடத்தில் பட்டியலாகி, பட்டியல் பட்டியலாகத்தான் கணினிக்குள் போகின்றன. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் அலுவலகங்களில் உட்கார்ந்து அவற்றை உள்ளே ஏற்றும் வேலையில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பலர் இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பேச்சு பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கும் ஆகும், பட்டியலை ஏற்றுகிறவர்களுக்கும் ஆகும்.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குப் பிரட்டு நினைவிருக்கும். இருட்டு விலகுமுன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மண்டோர் பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் குறிப்பார். அந்தப் பெரிய ஏட்டில் கோடுகள் அச்சிட்டு வந்திருக்கும். பெயருக்கு ஒரு கட்டம், நாளுக்கு ஒரு கட்டம், பாலின் எடைக்கு ஒரு கட்டம். கிராணி புதியவராக இருந்தாலும் எடையைக் கொண்டுபோய்ப் பெயர்க் கட்டத்தில் எழுத மாட்டார். கோடு அவரைத் தடுக்கும், கண்ணும் தடுக்கும்.

கணினிக்கு அனுப்பும் பட்டியலில் அந்த அச்சுக் கோடுகள் இல்லை. எழுத்தும் எண்ணும் ஒரே நூலாகக் கோத்து வரும். எந்த இடத்தில் பெயர் முடிகிறது, எந்த இடத்தில் முகவரி தொடங்குகிறது, எந்த இடத்தில் ஒரு பிள்ளை முடிந்து அடுத்த பிள்ளை வருகிறது என்பதை நாம்தான் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். அப்படிச் சொல்லிவைப்பதற்குத்தான் அமைப்புகள் என்று பெயர். சொன்னபடி கணினி செய்யும். சொன்னது தவறானால், தவறாகவே, ஆனால் மிக வேகமாகச் செய்யும்.

இந்த வேலைக்குப் பல கருவிகள் உண்டு. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு எஸ்.கியூ.எல். லோடர் என்று ஒன்று; மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு இன்னொன்று. நாங்கள் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது பி.சி.பி. என்னும் கருவியை. 'மொத்தமாகப் படியெடுக்கும் நிரல்' என்பது அந்த மூன்று எழுத்தின் பொருள். சைபேஸ் நிறுவனத்தின் தரவுத்தளத்தோடு பிறந்து, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சர்வருக்கும் வந்து சேர்ந்த பழைய கருவி அது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. படம் பார்த்துச் சுட்டியால் தொடும் கருவி அன்று. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். அதனால்தான் அதைக் கட்டளை வரிக் கருவி என்கிறார்கள். பார்க்க வறட்சியாக இருந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு. அந்த வரியை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், அடுத்த மாதமும் அதையே ஓட்டலாம். வேறொருவர் படித்துப் பார்த்துத் திருத்தவும் செய்யலாம். சுட்டியால் எங்கெங்கே தொட்டோம் என்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அந்த வரி இப்படிப் போகும். முதலில் பி.சி.பி. என்ற பெயர். அடுத்து, தரவுத்தளத்தில் உள்ள அட்டவணையின் பெயர். அடுத்து 'இன்' அல்லது 'அவுட்' என்ற ஒரு சொல். அடுத்து, நம் கோப்பின் பெயர். அதன்பின் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்துமாக அமைப்புகள் வரிசையாக வரும். 'இன்' என்றால் கோப்பிலிருந்து அட்டவணைக்குள் ஏற்று. 'அவுட்' என்றால் அட்டவணையிலிருந்து கோப்புக்கு எடு. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறங்குவதும் ஏறுவதும் போலத்தான். ஆனால் துறைமுகத்தில் இல்லாத ஆபத்து ஒன்று இங்கே உண்டு. 'இன்' என்று தட்ட வேண்டிய இடத்தில் 'அவுட்' என்று தட்டிவிட்டால், அதே பெயரில் உள்ள நம் பட்டியல் கோப்பின் மேலேயே அட்டவணையில் இருப்பதை எழுதிவிடும். இரண்டு மாலை தட்டிய பட்டியல் போய்விடும். ஆகையால் மூலக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே கட்டளையைத் தொட வேண்டும். எழுத்தின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய 'டி' ஒரு பொருள், பெரிய 'டி' வேறு பொருள். சிறியது கட்டங்களைப் பிரிக்கும் குறியைச் சொல்வது. பெரியது, கணினிக்குள் நுழைந்த பயனரின் உரிமையையே கொண்டு தரவுத்தளத்துக்குள் போகச் சொல்வது.

இனி, பிரிக்கும் குறியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. 'சி' என்ற அமைப்பைக் கொடுத்து வேறு ஒன்றும் சொல்லாவிட்டால், தாவல் விசையின் இடைவெளியைத்தான் கட்டத்தின் எல்லையாக பி.சி.பி. கொள்ளும். பலர் அதை மாற்றிக் காற்புள்ளியை வைக்கிறார்கள். காற்புள்ளி நல்ல குறிதான், பட்டியலில் முகவரி இல்லாத வரை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 'எண் 12, ஜாலான் துன் சம்பந்தன், பிரிக்ஃபீல்ட்ஸ், 50470 கோலாலம்பூர்' என்று எழுதுகிறோம். அதற்குள்ளேயே மூன்று காற்புள்ளிகள் இருக்கின்றன. பெயர், எண், முகவரி, வகுப்பு என்ற வரிசையில் இது போனால் என்ன ஆகும்? முகவரிக் கட்டத்தில் 'எண் 12' என்பது மட்டும் உட்காரும். மீதி முகவரியும் வகுப்பும் ஒன்றாகச் சேர்ந்து கடைசிக் கட்டத்தில், அதாவது வகுப்புக் கட்டத்தில், போய் விழும். வகுப்புக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும்படி செய்யப்பட்டிருந்தால், அந்த வரியை ஏற்காமல் கருவி சத்தம் போடும். அது எழுத்தை ஏற்கிற அகலமான கட்டமாக இருந்தால் ஒரு முனகலும் இல்லாமல் விழுங்கிவிடும். பிள்ளையின் வகுப்பு என்ன என்று பின்னால் பார்க்கிறவருக்கு 'ஜாலான் துன் சம்பந்தன்' என்று வரும். முகவரியை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மற்றக் கருவிகள் சில அதைப் புரிந்துகொள்ளும். பி.சி.பி. புரிந்துகொள்வதில்லை, மேற்கோள் குறியையும் ஓர் எழுத்தாகவே எண்ணும்.

நம் பழைய தோட்ட முகவரிகளில் இந்தத் தொல்லை குறைவு. லயன் எண்ணும் தோட்டத்தின் பெயரும் ஊரும்தான் இருந்தன. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த மண்ணில் ஷா ஆலாம் நகரம் எழுந்து, சீஃபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்து, குடும்பங்கள் அடுக்கு வீடுகளுக்குப் போன பிறகு கட்டட எண், மாடி எண், வீட்டு எண், சாலை என்று முகவரி நீண்டது. முகவரி நீள நீளக் காற்புள்ளியும் கூடும்.

சரி, காற்புள்ளி வேண்டாம், சாய்கோடு வைத்துக்கொள்வோம் என்று ஒருவர் நினைத்தால், அவர் மலேசியத் தமிழர் பட்டியலைப் பார்த்தறியாதவர் என்று பொருள். நம் அடையாள அட்டையில் பிள்ளையின் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஆணுக்கு 'ஏ/எல்' என்றும் பெண்ணுக்கு 'ஏ/பி' என்றும் வருகிறது அல்லவா? 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம் அவை. சாய்கோட்டை எல்லைக் குறியாக வைத்தால் நம் பெயர் ஒவ்வொன்றும் சரியாக நடுவில் அறுந்துவிடும். விமானச் சீட்டு முறையிலும் சாய்கோடு குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறியாக இருப்பதால், அங்கேயும் நம் பெயர்கள் தடுமாறுவதை வெளிநாடு போய் வந்தவர்கள் சொல்வார்கள். பிள்ளையின் படத்துக்குப் பிள்ளையின் பெயரையே கோப்புப் பெயராக வைக்கப் போனாலும் சாய்கோடு மறிக்கும். கணினியில் அது அடைவுகளைப் பிரிக்கும் குறி. அதற்காக அட்டையில் உள்ள 'ஏ/எல்' என்பதை நாமே நீக்கிவிடவும் கூடாது. ஒரு பட்டியலில் இருந்து இன்னொரு பட்டியலில் இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பெயரில் கைவைக்காமல் குறியைத்தான் மாற்ற வேண்டும். தாவல் இடைவெளியோ, பெயரிலும் முகவரியிலும் யாரும் எழுதாத செங்குத்துக் கோடோ நல்லது. சிறிய 'டி' என்ற அமைப்பில் அந்தக் குறியைக் கொடுத்துவிடலாம்.

ஒரு வரியில் எல்லைக் குறி கூடிப்போவதைவிடக் குறைந்துபோவது மோசம். வகுப்பை நிரப்பாமல், அதற்கு முன் வர வேண்டிய குறியையும் போடாமல் விட்டுவிட்டோம் என்று வையுங்கள். கருவி அடுத்த குறியைத் தேடிக்கொண்டே வரியின் முடிவைத் தாண்டி அடுத்த வரிக்குள் போய்விடும். அடுத்த பிள்ளையின் பெயர் இந்தப் பிள்ளையின் கட்டத்துக்குள் வந்துவிடும். இரண்டு பிள்ளைகள் ஒரு வரியாகிவிடுவார்கள். கட்டங்கள் எழுத்தை ஏற்பவையாக இருந்தால் பிழை என்ற அறிவிப்பே வராது. வெறுமையாக இருந்தாலும் குறியைப் போட்டே தீர வேண்டும் என்பது அதனால்தான்.

வரி முடிவுக்கும் ஒரு குறி உண்டு. தட்டச்சுப் பொறி பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வரி முடிந்ததும் வண்டியை வலப்பக்கம் தள்ளுவோம். தாளை ஒரு வரி மேலே உருட்டுவோம். இரண்டும் இரண்டு செயல்கள். விண்டோஸ் கணினிகள் இன்னும் அந்த இரண்டையும் இரண்டு குறியாக வரியின் முடிவில் வைக்கின்றன. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகள் தாளை உருட்டும் குறி ஒன்றை மட்டும் வைக்கின்றன. 'புது வரி' என்று நாம் பி.சி.பி.க்குச் சொன்னால் அது இரண்டு குறியையும் எதிர்பார்க்கும். கோப்பு லினக்ஸிலிருந்து வந்திருந்தால், அந்த ஒற்றைக் குறியின் எண்ணையே, பதினாறு அடிமான முறையில், 'ஆர்' என்ற அமைப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிப் பிள்ளையின் பெயருக்குப் பின்னும் ஒருமுறை வரி முடிவு விசையைத் தட்ட மறக்க வேண்டாம். தட்டாவிட்டால் அந்தக் கடைசி வரி ஏறாமல் நின்றுவிடலாம்.

பட்டியலின் தலையில் 'பெயர், எண், முகவரி' என்று தலைப்பு வரி இருந்தால் பெரிய 'எஃப்' என்ற அமைப்பில் 2 என்று கொடுப்பார்கள். இரண்டாம் வரியிலிருந்து படி என்று பொருள். தலைப்பே இல்லாத கோப்புக்கும் பழக்க தோஷத்தில் 2 என்று கொடுத்தால் பட்டியலின் முதல் பிள்ளை வெளியே நின்றுவிடும்.

இப்போது 2009இல் பிறந்த அக்காவுக்கு வருவோம்.

நம் அடையாள எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. கடைசி நான்கில் இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. 1998இல் பிறந்தவரின் எண் 98 என்று தொடங்கும். 2011இல் பிறந்தவரின் எண் 11 என்று தொடங்கும். 2009இல் பிறந்தவரின் எண்ணோ 09 என்று தொடங்கும். நாங்கள் பட்டியல் தட்டிய மென்பொருள் இதைக் கணக்குப் போடும் எண் என்று நினைத்துக்கொண்டது. கணக்கில் முன்னால் நிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை அல்லவா? ஆகவே அதைத் தூக்கி எறிந்துவிட்டது. பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாயிற்று. அந்த அமைப்பினரின் கணினி, பன்னிரண்டு இலக்கம் இல்லாத வரிகளையெல்லாம் தனியே ஒதுக்கி வைத்தது. ஒதுக்கியதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

2018இல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2011இல் பிறந்தவர்கள். இரண்டாம் வகுப்பினர் 2010இல் பிறந்தவர்கள். அவர்கள் எண்ணின் தலையில் சுழியம் இல்லை, தப்பித்தார்கள். மூன்று முதல் ஆறு வரை உள்ளவர்கள் 2009 முதல் 2006 வரை பிறந்தவர்கள். அத்தனை பேரும் சிக்கினார்கள். இந்தப் பிழை 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களை மட்டுமே பிடிக்கிறது. தொண்ணூறுகளில் பிறந்தவர்களின் பட்டியலைப் பல ஆண்டுகள் தவறில்லாமல் அனுப்பி வந்த அலுவலர் ஒருவருக்கு, எங்கே தவறு நேர்ந்தது என்று விளங்காமல் போவதற்கும் இதுதான் காரணம். 2000ஆம் ஆண்டில் பிறந்தவர்களுக்கோ இரண்டு சுழியம் போகும். ஜனவரியிலிருந்து செப்டம்பருக்குள் பிறந்திருந்தால் மூன்று சுழியம் போகும். அந்தப் பத்தாண்டில் பிறந்த பிள்ளைகள்தாம் இப்போது கல்லூரிக்கும் வேலைக்கும் மனுப் போடும் வயதில் இருக்கிறார்கள்.

தவறு எங்கள் பக்கத்திலும் இருந்தது. கணக்குப் போடாத எண்ணை எண்ணாக வைக்கக்கூடாது. அடையாள எண்ணைக் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. அது எண்ணுருவில் இருக்கும் பெயர். தொலைபேசி எண்ணும் அப்படித்தான். அஞ்சல் குறியீடும் அப்படித்தான். கிள்ளானின் 41000 தப்பிக்கும், அலோர் ஸ்டாரின் 05000 மாட்டிக்கொள்ளும். தட்டத் தொடங்குமுன் அந்தப் பத்தியை எழுத்து வகை என்று அமைத்துவிட வேண்டும். தரவுத்தள அட்டவணையிலும் அந்தக் கட்டம் எழுத்து வகையாகவே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று எண்ணாக இருந்தாலும் சுழியம் தங்காது.

பிறந்த தேதியும் இப்படித்தான் ஏமாற்றும். 03/04/2012 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் அமைந்த கணினிக்கு அது மார்ச் 4. 13/04/2012 என்று இருந்தால், பதின்மூன்றாம் மாதம் இல்லையே என்று கருவி மறுத்துவிடும், நாமும் விழித்துக்கொள்வோம். 3ஆம் தேதிப் பிள்ளை மட்டும் சத்தமில்லாமல் ஒரு மாதம் மூத்த பிள்ளையாகிவிடும். ஆண்டை முதலில், மாதத்தை நடுவில், நாளைக் கடைசியில் வைத்து எழுதினால் இந்தச் சந்தேகம் குறையும்.

தமிழிலேயே பெயர் ஏற்ற வேண்டி வந்தால் வேறொரு சங்கதி இருக்கிறது. பள்ளி மலருக்கும் பரிசுச் சான்றிதழுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டுமே. ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டு முறையில் இருந்தது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நாட்களின் பாடு தெரியும். இன்று யூனிக்கோடு என்னும் பொது முறை வந்துவிட்டது. ஆயினும் பி.சி.பி.க்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 'சி' என்ற அமைப்புக்குப் பதிலாக 'டபிள்யூ' என்று கொடுத்தால் யூனிக்கோடு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கோப்பு யூ.டி.எஃப்-8 வகையில் இருந்தால் பெரிய 'சி' என்ற அமைப்பில் 65001 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும், எஸ்.கியூ.எல். சர்வர் 2016 முதல் இது செல்லும். அட்டவணையின் கட்டமும் யூனிக்கோடு வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் ஐந்து கேள்விக்குறியாக நிற்கும். மூன்று எழுத்துக்கு ஏன் ஐந்து? கணினி அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. இதே காரணத்தால், பெயருக்கு இருபது எழுத்து இடம் போதும் என்று விரலால் எண்ணிக் கட்டத்தை அளந்தால் நம் பெயர்கள் பல அதில் அடங்கமாட்டா.

பிழைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 'ஈ' என்ற அமைப்பில் ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், ஏற்க முடியாத வரிகளை அதில் எழுதி வைக்கும். கொடுக்காவிட்டால் அப்படி ஒரு கோப்பே உண்டாகாது. 'எம்' என்பது எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்பது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து. சிலர் பட்டியல் ஏறாமல் நின்றுவிடுகிறதே என்று இந்த எண்ணை ஆயிரமாக உயர்த்திவிடுகிறார்கள். அதற்கு என்ன பொருள்? ஆயிரம் பிள்ளைகள் விடுபட்டாலும் பரவாயில்லை என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம். முதன்முறை ஏற்றும்போது அதைக் குறைத்து வைப்பதே எங்கள் வழக்கம்.

சிறிய 'பி' என்பது எத்தனை வரியை ஒரு கட்டாக ஏற்றுவது என்ற அமைப்பு. சொல்லாவிட்டால் கோப்பு முழுவதும் ஒரே கட்டு. நடுவில் முறிந்தால் ஒன்றும் ஏறாது. நூறு நூறாக ஏற்றச் சொல்லி நாலாம் கட்டில் முறிந்தால், முதல் முந்நூறும் ஏறியபடி இருக்கும். அதை அறியாமல் கட்டளையை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால், ஒரே ஆள் இரண்டு முறை இடம்பெறாதபடி அடையாள எண்ணுக்குத் தடை வைக்கப்படாத அட்டவணையில் அந்த முந்நூறு பேரும் இரட்டிப்பாவார்கள். இன்னொன்றும் உண்டு. எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம் இருக்க வேண்டும் என்பது போன்ற சரிபார்ப்பு விதிகளை அட்டவணையில் எழுதி வைத்திருந்தாலும், பி.சி.பி. வேகத்துக்காக அவற்றைப் பாராமலே ஏற்றிவிடும். பார்க்க வேண்டும் என்றால் 'எச்' என்ற அமைப்பில் அதைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். காவற்காரரை வைத்துவிட்டு வேலி வழியாக மாட்டை விடுவது போன்ற இந்த ஏற்பாடு எங்களுக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

ஏற்றி முடித்ததும் எத்தனை வரி ஏறின என்று திரையில் வரும். அந்த எண்ணையும் கோப்பில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். பால் கொட்டகையில் வாளி வாளியாக நிறுத்ததைக் கூட்டி, லாரியில் ஏறிய பாலோடு ஒத்துப் பார்ப்பதில்லையா? அது போலத்தான். எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டும் போதாது. அட்டவணையில் பன்னிரண்டு இலக்கத்துக்குக் குறைந்த எண் எத்தனை, வெறுமையான வகுப்பு எத்தனை என்றும் கேட்க வேண்டும். பிறகு 'அவுட்' என்று அதே பட்டியலை வேறு பெயருள்ள கோப்பில் வெளியே எடுத்து, மூலத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. ஏற்றுவது ஒரு நிமிட வேலை என்றால் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பலரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வேலை முடிந்த பிறகு கோப்பு என்ன ஆகிறது என்றும் கவனிக்க வேண்டும். யார் திறந்தாலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு அது. ஓர் ஊர்ப் பிள்ளைகளின் பெயரும் எண்ணும் வீடும் அதில் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பையில் போட்டுக்கொண்டு போகும் சிறு நினைவுக் கோலில் அதை மாதக் கணக்கில் விட்டுவைப்பது நம் வீட்டுச் சாவியைக் கதவிலேயே விடுவது போன்றது. கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே தட்டி வைப்பதும் வேண்டாம். தட்டாமல் விட்டால் கருவியே கேட்கும்.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதுவதில் ஒழுங்கு கிடையாது. ரஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய தாத்தாக்கள் காலத்திலிருந்தே, எழுதிய குமாஸ்தாவின் காதுக்கு எட்டியபடிதான் நம் பெயர்கள் ஏட்டில் ஏறின. 'லெட்சுமி' என்ற ஒரே பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் பாருங்கள். ஆகவே பள்ளியிலோ அலுவலகத்திலோ விவரம் கேட்டால் வாயால் சொல்லாதீர்கள். பிறப்புப் பத்திரத்தையோ அடையாள அட்டையையோ நீட்டுங்கள். தட்டிய பட்டியலில் உங்கள் வரியைக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு இலக்கத்தையும் விரல் வைத்து எண்ணுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிகூட இலக்கத்தை எண்ணிவிடலாம். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம், நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை.

2018இல் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே. அடையாள எண் பத்தியை எழுத்து வகையாக மாற்றி, பிறப்புப் பத்திர நகல்களை ஒன்றொன்றாக எடுத்து வைத்து மறுபடி தட்டினோம். முதலில் மூன்றே மூன்று பிள்ளைகளின் வரியை மட்டும் அனுப்பி, அவர்கள் பக்கத்தில் சரியாக ஏறியதா என்று தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக வாசித்துக் கேட்டுக்கொண்டோம். பிறகு மீதியை அனுப்பினோம். பைகள் இரண்டாம் தவணையில் வந்தன. அந்தத் தாயார் மகளோடு வந்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஆண்டு பட்டியல் எடுத்தபோது, நாங்கள் கேட்குமுன்பே பிறப்புப் பத்திர நகலைக் கையில் வைத்திருந்தார்.